வாப்பா வரைந்த காணி

வரைபடங்களின் வரலாறு பற்றிய புத்தகம் எதையும் நான் முழுதாக வாசித்ததில்லை. புத்தளத்தில் அவை கிடைப்பதில்லை. வரவழைக்க என் ஆசிரியச் சம்பளம் தாங்காது. அதனால் அந்தப் புத்தகங்களுக்கு இணையத்தில் எழுதப்படும் மதிப்புரைகளைத் தேடி வாசிப்பேன். ஓசிப் படிப்புத்தான். வகுப்பில் புவியியல் படிப்பிக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள் போலக் கதைப்பேன்.

அன்றும் பாடசாலைக் கணினியில் அப்படியொரு மதிப்புரை அகப்பட்டது. வடக்கை மேலே வைப்பது எக்காலத்திலும் இருந்த வழக்கமல்ல, முன்பு பலர் தாங்கள் பெரிதாக மதித்த திசையையே மேலே வைத்தார்கள் என்று அதில் இருந்தது. உடனே வாப்பா வரைந்த படம் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது எனக்கு நாலு வயது. இங்கே அகதி முகாமில் இருந்துகொண்டு வாப்பா எங்கள் காணியை ஒரு கொப்பித் தாளில் வரைந்து வைத்தார். கிணறு, வேலி, ஒழுங்கை, இரண்டு பனை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒரு நாள், பக்கத்துத் தெருவில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. வரைபடம் வைத்திருப்பவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். வாப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அது அலுமாரியில் பத்திரமாக இருப்பதாகவே அவர் நம்பினார்.

யுத்தம் முடிந்தபின் காணி விசாரணைக்குப் படம் கேட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் எப்போதோ தொலைந்துவிட்டது. காணியைக் காடு மூடி, கிணறும் தூர்ந்துபோயிருந்தது. அந்தக் கிணற்றைக் கொண்டுதான் எல்லை பிடிக்க வேண்டும். கண் மங்கிய வாப்பா, "மகள், அந்தப் படத்தப் பார்த்து வடிவா ஒண்டு கீறிக் குடுங்க" என்றார். நான் ஞாபகத்திலிருந்து கீறினேன். படித்த திமிர், மேலே அம்புக்குறி போட்டு வடக்கு என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்த மதிப்புரையைத் திரும்பவும் வாசித்தேன். முகாமில் வாப்பா தொழுகை முடிந்ததும் எழும்பமாட்டார். அதே பாயில், மேற்கே மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்தபடியே எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். படத்தையும் அப்படித்தான் கீறினாரா? அப்படியென்றால் அதில் மேலே இருந்தது வடக்கல்ல, மேற்கு. நான் காட்டிய கிணறு பக்கத்து வளவுக்குள் போயிருக்கும். வருகிற வியாழன் அளக்க வருகிறார்கள். இல்லாத இடத்தில் கிணறு காட்டினால் எங்களை யார் நம்புவார்கள்? காணி கையை விட்டுப் போய்விடும். படத்தை மாற்றவும் பயம், மாற்றாமல் விடவும் பயம்.

வீட்டுக்குப் போனபோது வாப்பா அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தார். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"எரிச்சிட்டீங்களா?" என்றார்.

"அதுல மேல எந்தப் பக்கம் வாப்பா? கிணறு எங்க?"

"போனது போகட்டும். நான் காட்டுறன், நீங்க கீறுங்க."

கண்களை மூடிக்கொண்டார். நான் பென்சிலோடு காத்திருந்தேன். அவருடைய கை வலப்பக்கம் நீண்டது. நின்றது. மெல்ல இடப்பக்கம் திரும்பியது. பிறகு மடியில் விழுந்தது.

"மறந்துபோயிடும் எண்ட பயத்துலதான் மகள் அண்டைக்குக் கீறி வெச்சன்" என்றார் வாப்பா.