பதினான்கு முறை வைத்த மை

பட்டியலில் எட்டாவது பெயர் வஸ்மா. மேவா கானின் மகள், வயது மூன்றரை, ஒன்பதாவது சந்து. அந்த வரியைப் பல்வஷா இரண்டாம் முறை படித்தாள்.

கணினி சீட்டுப் போட்டு எடுத்த பெயர்கள் அவை. ஒன்றைக்கூட மாற்றக்கூடாது, வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஷாயிஸ்தா மேடம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். காரணமும் சொன்னார். கராச்சியின் வடகோடியில் இருக்கும் அந்த ஷீன் காலனியின் சாக்கடை நீரில் மூன்று மாதமாகப் போலியோ கிருமி தென்படுகிறது. பதிவேட்டிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு குழந்தைகள் ஒவ்வொரு சுற்றிலும் சொட்டு மருந்து குடித்திருக்கின்றன. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? குழந்தைகளின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா இல்லையா என்பதை இரத்தத்திடமே கேட்டுவிடலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

பல்வஷாவுக்குப் பதினொரு வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுப்பதுதான் வேலை. கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவன். வீடு ஓடுவது அவளால்தான். காலனியில் எல்லோருக்கும் அவள் பாஜி, அதாவது அக்கா; அவளுக்குத் திறக்காத கதவு கிடையாது. இரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ரூத்துக்குத் துணையாக அவளை அனுப்பியதும் அதனால்தான்.

மேவா கான் வீட்டு ரகசியம் அவளுக்கும் இன்னொருத்திக்கும் மட்டுமே தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் அந்த வீட்டின் தலைப்பிள்ளை தர்யாப் திங்கட்கிழமை சொட்டு மருந்து குடித்தான். புதன் காய்ச்சல். வெள்ளி போய்விட்டான். நெஞ்சில் சளி கட்டியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். மேவா கான் முதலில் அதை நம்பவில்லை, மருந்துக்காரர்களைச் சந்துக்குள்ளேயே விடமாட்டேன் என்று நின்றான். பிறகு பெரியவர்கள் பேசிப் பேசி அவன் மனம் மாறியது. ஜிர்கா எனும் ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, அடுத்த பிள்ளைக்குக் கட்டாயம் கொடுப்பேன் என்று வாக்கும் கொடுத்தான்.

அவன் மனைவி தோர்பேக்கை மட்டும் மாறவில்லை. வஸ்மா பிறந்து முதல் சுற்றுக்குப் பல்வஷா போனபோது கதவைச் சாத்திவிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"விரல்ல மையை மட்டும் வெச்சிட்டுப் போயிடு பாஜி. இதுவும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்."

மருந்து குடித்ததற்கு அடையாளமாக வைக்கும் மையை, மருந்து கொடுக்காமலே பல்வஷா வைத்தாள். புட்டியில் மருந்து மிஞ்சினால் கேள்வி வருமே என்று இரண்டு சொட்டை முற்றத்து மண்ணில் பிழிந்தாள். முதல் தடவை இரக்கம். இரண்டாம் தடவை, முதல் தடவை வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

ஏழு வீடு முடிந்தது. எட்டாவது கதவின் முன் நின்றபோது, பூட்டியிருந்தால் தேவலை என்று அவள் வேண்டிக்கொண்டாள். கதவைத் திறந்தவன் மேவா கானே. லாரி பட்டறைக்கு அன்று அவன் போகவில்லை.

"வாங்க பாஜி, வாங்க. என் புள்ள பேரு விழுந்திருக்காமே? பள்ளிவாசல்லயே சொன்னாங்க."

அவன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான், பச்சைத் தேநீர் கொண்டு வரச் சொன்னான். இரத்தத்தை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதையும், உன் இரத்தத்தை எவன் வாங்குவான், அதில் பாதி மூக்குப்பொடிதானே என்று தான் கேட்டதையும் சொல்லிச் சிரித்தான். அடுப்படித் திரைக்குப் பின்னால் தோர்பேக்கையின் நிழல் அசையாமல் நின்றது.

ரூத் படிவத்தை மடியில் விரித்தாள். சம்மதத்துக்குப் பெருவிரல் ரேகை வாங்கினாள். குழந்தையின் பிறந்த மாதம், எடை. பிறகு அந்தக் கேள்வி: இதுவரை எத்தனை முறை சொட்டு மருந்து கொடுத்திருக்கிறீர்கள்?

"பதினாலு. ஒண்ணுகூட விட்டதில்ல. வேலையிலேர்ந்து வந்ததும் புள்ள விரலைத்தான் மொதல்ல பார்ப்பேன். இதோ நிக்கிறாங்களே பாஜி, இவங்களையே கேளுங்க."

ரூத்தின் பேனா பல்வஷாவுக்காகக் காத்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் பதினான்கு என்று படிவம் சொல்லும், ஒன்றுமில்லை என்று இரத்தம் சொல்லும். அப்போது பழி யார்மேல் விழும்? மருந்தின் மேல். பதினான்கு தடவை கொடுத்தும் பிரயோசனமில்லை என்று இதே மேவா கான் சந்து சந்தாகச் சொல்லுவான். அவன் சொன்னால் ஊர் கேட்கும். இன்று கொடுக்கிற வீடுகளும் நாளை கதவைச் சாத்தும்.

"எழுதாதீங்க சிஸ்டர்," என்றாள். "ஒரு தடவைகூட இல்ல."

மேவா கான் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"மை மட்டும்தான் வெச்சேன் அண்ணே. மருந்தை மண்ணுல விட்டேன். பதினாலு தடவையும்."

யார் கேட்டுக்கொண்டதால் என்று அவள் சொல்லவில்லை. அவன் மெல்ல எழுந்தான். ரூத் இரத்தக் குப்பிகள் இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசல் பக்கம் நகர்ந்தாள். காவலுக்கு வந்த போலீஸ்காரன் சந்து முனையில் இருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரமில்லை.

"ஜிர்காவுல எந்திரிச்சு நின்னவன் நான். என் வார்த்தையை நம்பி எட்டு வீட்டுல கதவைத் திறந்தாங்க. அத்தனை பேர் முன்னாலயும் என்னைப் பொய்யனாக்கிட்டியே."

கை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பல்வஷாவை உலுக்கியது அதுதான்.

திரை விலகியது. "அவங்களை விடுங்க," என்றாள் தோர்பேக்கை. "நான்தான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"தர்யாப் என் மடியிலதான் போனான். நீங்க அப்ப பட்டறையில இருந்தீங்க. ஜிர்காவுல வாக்குக் குடுக்கறப்ப என்னை யாரு கேட்டா?"

மேவா கான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஆட்களைக் கூட்டி வரப் போகிறான் என்றே மூன்று பெண்களும் நினைத்தார்கள். ஓடிவிடலாம் என்று ரூத் கண்ணால் கேட்டாள். தோர்பேக்கையைத் தனியே விட்டுவிட்டுப் போகப் பல்வஷாவுக்கு மனம் வரவில்லை. தேநீர் ஆறிப்போனது. வஸ்மா ஒன்றும் புரியாமல் ரூத்தின் பையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்து அவன் தனியாகத் திரும்பினான். முகம் கழுவியிருந்தான், தாடியில் நீர் சொட்டியது. மகளைத் தூக்கி மடியில் வைத்து அவள் கையை நீட்டிப் பிடித்தான்.

"எடுங்க."

ரூத் கையில் ரப்பர் பட்டை கட்டி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் எடுத்தாள். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. குழந்தை வீறிட்டது. இதில் என்ன தெரியும் என்று அவன் கேட்டான்.

"கிருமி வந்தா எதிர்த்து நிக்க உடம்புல தெம்பு இருக்கான்னு தெரியும். முடிவு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், சொட்டு மருந்தை சுகாதார நிலையத்துல இன்னைக்கே குடுக்கலாம்."

அவன் மனைவியின் பக்கம் பார்க்காமலே சொன்னான். "வா. ரெண்டு பேரும் போவோம். நீயே உன் கையால குடு."

தோர்பேக்கை அழுதுகொண்டேதான் புறப்பட்டாள். சுகாதார நிலையத்தில் புட்டியை அவளே வாங்கிக் கவிழ்த்தாள். முதல் சொட்டு குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. அடுத்த இரண்டும் வாய்க்குள் போயின. அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை வரை அவள் மகளின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை என்று பல்வஷா கேள்விப்பட்டாள். காய்ச்சல் வரவில்லை.

பல்வஷா அன்று மாலையே ஷாயிஸ்தா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் அவளுடைய அடையாள அட்டை வாங்கப்பட்டது. காலனியில் அவளுக்கு 'மைக்காரி' என்று பெயர் விழுந்தது. ரொட்டிக் கடையில் அவள் முறை வரும்போது, விரலை நீட்டு, மை வைத்தால் போதும், ரொட்டி எதற்கு என்று கேலி செய்தார்கள். மேவா கான் அவளோடு அப்புறம் பேசவே இல்லை. வீட்டுக்குள் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கான மாவில் நான்கு பேருக்குச் சமைக்கப் பழகினாள்.

பத்து வாரம் கழித்து ஷாயிஸ்தா மேடம் தானே அவள் வீடு தேடி வந்தார். காலனியில் இரத்தம் எடுத்த இருபது பிள்ளைகளில் ஏழு பேரிடம் எதிர்ப்புச் சக்தியே இல்லை. அதில் வஸ்மா ஒருத்தி. மற்ற ஆறு பேரின் அட்டையிலும் எல்லாச் சுற்றும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆறு வீட்டுக்கும் போனவள் பல்வஷா அல்ல.

"உன்னை மறுபடி வேலைக்கு எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் மேடம். "ஆனா நான் கேட்டா மருந்து குடுக்கற பொண்ணுங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நீ வந்து பேசுவியா?"

சுகாதார நிலையத்தில் அந்த நாற்பது பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல்வஷா நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மண்ணில் பிழிந்த சொட்டுகளையும் சொன்னாள். கூட்டத்தில் ஒருத்தியும் நிமிரவில்லை. கலைந்த பிறகு, அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் பக்கத்தில் வந்து முக்காட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நான்காவது சந்தில் இரண்டு வீட்டில் மை மட்டும்தான் என்றாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். பொழுது சாய்வதற்குள் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். முப்பத்தாறு வீடுகள். எந்த நேரத்தில் புருஷன் இருக்க மாட்டான், எந்தத் தாயிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதி, பல்வஷா தாளை மேடத்திடம் கொடுத்தாள். வந்து சொன்ன பெண்களின் பெயர்களை எழுதவில்லை. மேடமும் கேட்கவில்லை.