மில் முதலாளியைக் கொன்றது யார்

அக்காவைப் பெண் பார்க்க அன்று கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். முன்பு வந்த இடங்களையெல்லாம் அவளே வேண்டாம் என்றிருந்தாள். இதையும் மறுத்தால் இனி ஒருவரும் பழங்காநத்தம் பக்கம் வரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள்.

கேசரி தின்று முடித்ததும் பேச்சு நின்றுபோனது. கல்லூரியில் படிக்கிறவன் என்ற தைரியத்தில், ஊரே பேசிக்கொண்டிருந்த கொலைப்படத்தைப் பார்த்தாரா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"பார்க்காமயா மாப்ள? கடைசில டிரைவரைத்தான போலீஸ் புடிச்சிட்டுப் போகுது."

ஒன்றும் முடிவாகாதபோதே என்னை மாப்ள என்றது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் படத்தில் போலீஸ் யாரையும் பிடிப்பதில்லை. மில் முதலாளி செத்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அவர் தொடவே விடாத ரேடியோவை அவர் மனைவி போடுகிறாள். ஒரு பாட்டை முழுசாகக் கேட்கிறாள். படம் முடிந்துவிடும். அந்த ரேடியோவுக்கு அர்த்தம் சொல்லியே கல்லூரி மரத்தடியில் நான் பெயர் வாங்கியிருந்தேன்.

நான் வாயெடுப்பதற்குள், காப்பித் தட்டோடு நின்ற அக்கா, "டிரைவரா? கடைசி வரைக்கும் இருந்தீங்களா?" என்றாள். அம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள்.

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தார். அவரோ விட்டத்தைப் பார்த்தார்.

"இல்லங்க. இருந்தா ஊருக்குக் கடைசி பஸ்ஸு போயிரும். எங்க ஊர்க்காரங்க எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்ல. மேலூர் தாண்டுறதுக்குள்ள பஸ்ஸுல நாங்களே பேசி முடிச்சுக்கிருவோம். அன்னைக்குக் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் சண்டை. அதான் டிரைவர்னு ஆகிப்போச்சு."

"அவர் பொண்டாட்டிதான் கொன்னா," என்றாள் அக்கா.

"அந்தம்மாவா? அம்புட்டு நகை போட்டு வச்சிருந்தாரே. ஏன் கொல்லணும்?"

"ரேடியோவத் தொட விடலைல்ல."

மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவர் அப்பா செருமினார்.

"சரிதாங்க," என்றார் மாப்பிள்ளை கடைசியில். "கொன்னுருப்பா. எங்க வீட்டு ரேடியோவ யாரு வேணாலும் திருகலாம். எங்கம்மாதான் விடாமத் திருகும்."

அக்கா உள்ளே போய், சம்மதம் என்று சொல்லிவிடும்படி அம்மாவிடம் சொன்னாள். நான் பின்னாலேயே போய், அந்த ரேடியோ வெறும் ரேடியோ இல்லை, அது சமுதாயத்தில் பெண்ணின் நிலை என்று ஆரம்பித்தேன்.

"அவுகளுக்கு இன்னொரு காப்பி கொண்டுபோய்க் குடுடா," என்றாள் அக்கா.