மூன்றாவது ஓலை

மன்னார்குடிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறிய லுத்தரன் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும் ஞாயிறு என்றால் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். 'இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும்' என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். இதுவரை யாரும் எழுந்து எதுவும் சொன்னதில்லை.

ஓலை வாசிப்பது குருவானவரின் வேலை. இந்த முறை மாப்பிள்ளையும் அவர்தான். அருள்திரு சேரன் தன் பெயரைத் தானே வாசித்தபோது சபை சிரித்தது. "ஐயா, சத்தமா வாசிங்க, பொண்ணுக்குக் கேக்கலையாம்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சேரனும் சிரித்தான். அவன் நெஞ்சு மட்டும் அழுதது.

நடவு நட்டும் களை பறித்தும் தங்கம்மாள் படிக்க வைத்த ஒரே மகன் அவன். தன் மனம் ஆண்களின் பக்கமே போகிறது என்பது பதினேழு வயதிலேயே அவனுக்குத் தெரியும். ஜெபித்தால் மாறும் என்று நம்பினான். உபவாசம் இருந்தான். இறையியல் படித்தான். அங்கி போட்டுக்கொண்டான். எதுவும் மாறவில்லை. கோயில் மோட்டாரைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் பிரபுவைப் பார்த்த பிறகு, மாற வேண்டும் என்ற ஆசையும் போய்விட்டது. எட்டு வருஷம். நாலு பேர் இருந்தால் பிரபு அவனை 'ஐயா' என்பான். யாரும் இல்லாவிட்டால் 'சேரா'.

முப்பத்தாறு வயதுக் குருவானவர் பெண்டாட்டி இல்லாமல் இருக்கலாமா என்று சபை கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கம்மாள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் சேரன் தலையசைத்துவிட்டான். பெண் எழில்மொழி, அதே சபை, தஞ்சாவூரில் நர்ஸ்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று சாயங்காலம் பிரபு வந்தான். மஸ்கட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும், புதன்கிழமை கிளம்புவதாகவும் சொன்னான்.

"நீ தடை இருக்கான்னு கேட்டப்ப நான் கடைசி பெஞ்சுலதான் இருந்தேன் சேரா. எந்திரிச்சிருவேனோன்னு பயந்து பெஞ்சப் புடிச்சுக்கிட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

புதன்கிழமை போய்விட்டான். அவனுடைய போனும் அதோடு அணைந்தது.

சனிக்கிழமை சேரன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். காரணம் எதுவும் சொல்லாமல் ஓலையை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னான். தங்கம்மாள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு ஓலை ஆயிருச்சு. காரணம் சொல்லாம நிறுத்துனா ஊரு அந்தப் பொண்ணத்தான் பேசும். அவளுக்கு என்ன நோவோ, எவன்கூடப் பழக்கமோன்னு பேசும். பேசாம கட்டிக்கடா."

கட்டிக்கொள் என்றுதான் அந்தத் தாய் சொன்னாள். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் இதிலிருந்து வெளியே வர வழியில்லை என்பதுதான் மகனுக்குப் புரிந்தது.

மூன்றாவது ஞாயிறு. தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தவன், அடுத்த வரிக்குப் போகவில்லை. காகிதத்தை மடித்தான்.

"எனக்குத் தெரியும். தடை நான்தான். எழில்மொழி மேல ஒரு குறையும் இல்ல. நான் நேசிச்சது ஒரு ஆண. இதை மறைச்சு அந்தப் பொண்ணோட வாழ்க்கைய எடுத்துக்க எனக்கு உரிமை இல்ல."

எழில்மொழியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே பாதிக் கோயில் காலியானது.

செவ்வாய்க்கிழமை எழில்மொழி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் பேரக் காப்பாத்திட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மொத ஓலைக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, யாரும் எதையும் காப்பாத்த வேண்டியிருந்திருக்காது. சொன்னா எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே திருச்சபை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சேரன் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டான். விசாரணை முடியும்வரை ஆராதனைக்கு வரலாம். நற்கருணை வாங்கப் பீடத்தின் முன்னால் முழங்கால்படியிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு வேறொரு குருவானவர் வந்தார். சேரன் வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மகனோடு ஒரு வாரமாகப் பேசாத தங்கம்மாள் பீடத்தின் முன்னால் போய் மண்டியிட்டாள். அவளுக்கு இரு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. நற்கருணை அப்பமும் திராட்சரசமும் வாங்கியபின் அவளால் எழ முடியவில்லை. நடவு நட்டுத் தேய்ந்த முழங்கால்கள். ஒரு கையை ஊன்றிப் பார்த்தாள். மறு கையையும் ஊன்றினாள். யாரும் அசையவில்லை.

சேரன் எழுந்தான். எல்லார் கண்ணும் பார்க்க, தனக்கு விலக்கப்பட்ட அந்த இடம்வரை நடந்துபோய்க் குனிந்து கையை நீட்டினான். தாய் அந்தக் கையை இறுகப் பற்றி எழுந்தாள்.

எழுந்து நின்றதும் விட்டுவிட்டாள். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள். அந்த முக்காட்டுக்குள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, சேரன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான்.