போதும், போதாம்

திருப்பதி ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எண்பது வயது, வயிற்றில் புற்றுநோய். ஆக்சிஜன் மூடி மூக்கையும் வாயையும்தான் அடைத்திருந்தது, காதை இல்லை. டாக்டர் என் மகளைப் பார்த்தே தெலுங்கில் கேட்டார்: வயதாகிவிட்டது, இருந்தாலும் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. ஏனய்யா, படுத்துக் கிடப்பவன் நான்தானே?

சித்தூர் மாங்காய் மண்டியில் காலமெல்லாம் தெலுங்கில் ஏலம் கூவியவன் நான். ஆனால் வலி வந்தால் எனக்கு வீட்டுப் பாஷையான தமிழ்தான் வருகிறது. மூடிக்குள்ளிருந்து, "போதும்" என்றேன்.

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் காதில் விழுந்தது "போதாம்". தெலுங்கில் அதற்குப் போகலாம் என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் போகலாம் என்று பெரியவரே சொல்கிறார் பாருங்கள் என்று மகளிடம் சொன்னார்.

மகளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா சார், எங்க நைனாவுக்கு தைரியம் ஜாஸ்தி" என்று தெலுங்கில் சொன்னாள்.

"வத்து" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம், அது அவருக்குப் புரிந்திருக்கும். மூடியை விலக்கக் கையும் இருந்தது. ஆனால் இடுப்பில் டயப்பர் நனைந்து கிடந்தது, மாற்ற வந்த நர்ஸ் பக்கத்தில் காத்து நின்றாள். அந்தக் கோலத்தில் எனக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று சொல்லக் கூசிப்போனேன். மண்டியையே அதட்டிய வாய், வெட்கக்கேடு.

ஆபரேஷன் முடிந்து இப்போது குடிபாலாவில், வீட்டில் இருக்கிறேன். வயிற்றில் செருகிய குழாயில் மகள் கஞ்சி ஊற்றுகிறாள். "எப்படித் துன்னுகினு இருந்த மனுஷன்" என்று பார்க்க வருபவர்கள் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அடுத்தது கீமோவாம். வருகிற வாரம் திருப்பதிக்குக் கார் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கஞ்சிக்கு மட்டும் வேளாவேளைக்குக் கேட்கிறாள், "போதுமா நைனா?"

இன்று காலையும் கேட்டாள்.

"வத்தும்மா" என்றேன்.

"கஞ்சியா?"

"திருப்பதி."

டம்ளர் அவள் கையிலேயே நின்றது. "அன்னிக்கே எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு நைனா" என்றாள், முகத்தைக் காட்டாமல்.

பெற்ற பெண்ணைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று அதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கவில்லை.