வேலுத்தாய் பிடித்த வீடியோ

வேலுத்தாய் நல்ல உயரம். பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த சங்கிலிமுத்து அவள் தோளுக்குத்தான் இருந்தான். "ஒட்டடை அடிக்க ஏணி வாங்குற செலவு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான். ஏழாயிரம்பண்ணையில் குடித்தனம். அவன் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினான். அவள் அதே வேனில் போய் மத்தாப்புகளைப் பெட்டியில் அடுக்கினாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவள் இருக்கிற ஷெட்டில் மத்தியானம்கூட யாருக்கும் கொட்டாவி வராது.

2003-ல் தீபாவளி முடிந்து, கம்பெனியில் வேலை ஓய்ந்திருந்த கார்த்திகையில் சங்கிலிமுத்துவின் தங்கைக்குக் கல்யாணம். வீடியோ எடுக்க விருதுநகரிலிருந்து புகழேந்தி வந்தான். தெப்பக்குளம் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தவன். வரும்போதே முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு லைட் பிடிக்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டானாம்.

மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒருத்தன் உதவிக்கு வந்தான். மணமேடையைத் தவிர, பாவாடை தாவணி நின்ற பக்கமெல்லாம் லைட் திரும்பியது. அடுத்து வந்தவன் சூடு தாங்காமல் கீழே வைத்துவிட்டான். புகழேந்தி சுற்றுமுற்றும் பார்த்தான். கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிக்கிறீகளா?"

"கரண்டு அடிக்குமா தம்பி?"

"அடிக்காதுக்கா. சுடும்."

"சுட்டாச் சுடட்டும். அங்கன நின்னாத் தாலி கட்டுறது நல்லாத் தெரியும்ல."

பிடித்த கை பந்தி முடிகிற வரைக்கும் இறங்கவில்லை. வயரைச் சுருட்டும்போது புகழேந்தி மெதுவாக ஆரம்பித்தான்.

"தையில நெறைய முகூர்த்தம் இருக்குக்கா. கல்யாணம் இருக்கிற அன்னைக்கு மட்டும் நம்மகூட வாரீகளா? பொண்ணு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள நான் போனா எல்லாரும் மொறைக்காக. நீங்க இருந்தா எனக்கும் தோது."

வேலுத்தாய் புருஷனைப் பார்த்தாள்.

"என்னைய எதுக்குப் பாக்க? கை ஒன்னோடது" என்றான் சங்கிலிமுத்து.

ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்தார்கள். கேமராக்காரனோடு பொம்பளை ஊர் ஊராகப் போவதா என்றார்கள். அதே நாலு பேரும் தங்கள் வீட்டு விசேஷம் வந்தபோது, "மதினி, அந்த லைட்ட எம்பக்கம் கொஞ்சம் காட்டு" என்று காதைக் கடித்தார்கள். அவளும் காட்டினாள். மற்ற நாளில் மத்தாப்பு, முகூர்த்த நாளில் லைட் என்று ஒரு வருஷம் ஓடியது.

மறு தையில் விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி சங்கரலிங்கம் வீட்டுக் கல்யாணம். ரெண்டு கேமரா வேண்டும் என்று சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, பிடிக்கத்தான் ஆள் சிக்கவில்லை. அன்றைக்கு ஊரெல்லாம் கல்யாணம். புகழேந்தி யோசித்துப் பார்த்துவிட்டு, லைட்டைப் பிடிக்கத் தன் மச்சானைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். கேமராவை வேலுத்தாயிடம் கொடுத்தான். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும், முகத்தை எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தான். கேமராவுக்குக் காதும் உண்டு என்பதைச் சொல்ல மறந்துபோனான்.

பெண் கீர்த்திகா மூன்றாம் நாளே பெங்களூருக்குக் கிளம்புகிறாள் என்று அவசரப்படுத்தியதால், பாட்டுச் சேர்க்காமல், பூப்போட்ட ஃப்ரேம் எதுவும் போடாமல் கேசட்டை அப்படியே கொடுத்துவிட்டான். மறுநாள் வியாபாரி வீட்டிலிருந்து போன் வந்தது. "அந்தப் பொம்பளையையும் கூட்டிக்கிட்டு வாங்க."

என்ன தப்பாகிப்போச்சோ என்று ரெண்டு பேரும் கிளம்பினார்கள். போனால், கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கீர்த்திகாவுக்குச் சடை பின்னுகிறார்கள். பின்னால் கணீரென்று வேலுத்தாயின் குரல்: "ஆத்தாடி, என்னா கனம் இந்தச் சடை! கழுத்து ஒடிஞ்சிரும் போலயே. ஏத்தா, பொண்ணுக்கு யாராச்சும் ஒரு வாய் இட்லி குடுங்களேன். புள்ள முகம் வாடிப்போச்சு."

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் குரலா அது? இவ்வளவு தடியாகவா இருக்கும்?

படம் மண்டப வாசலுக்கு மாறியது. "அந்தா போறாரு பொண்ணோட அப்பா. காலையில இருந்து மனுசன் உக்காரவே இல்ல. அவருக்கு யாரும் காபி குடுத்தீகளா?"

"குடுக்கலம்மா!" என்றார் சோபாவிலிருந்து சங்கரலிங்கம். "அம்புட்டுக் கூட்டத்துல ஒருத்தரும் கேக்கல."

அவர் மனைவி சுப்புத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எம் மக பசியோட இருந்தது எனக்கே தெரியாது. நீதான் சொல்லியிருக்க. உக்காரு, மொதல்ல காபி குடி." அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, புகழேந்தி பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு இந்தக் கேசட்டு இப்படியே இருக்கட்டும். சம்மந்தி வீட்டுக்குக் குடுக்கறதுல மட்டும் பாட்டைப் போட்டு மூடிருங்க தம்பி. மாப்பிள்ளையோட அத்தை நாலு தடவை பாயாசம் வாங்கினதை எல்லாம் இவ சொல்லிட்டா."

"வாங்குனாகல்ல?" என்றாள் வேலுத்தாய்.

"வாங்குனாக. அதுக்குத்தான் மூடச் சொல்றேன்."

அதற்குப் பிறகு வாயை அடக்க வேலுத்தாய் வழி தேடினாள். கடலைமிட்டாயைப் போட்டுக்கொண்டாள், தாலி கட்டும்போது கறுக்முறுக்கென்று பதிவானது. ஆரஞ்சு மிட்டாய்தான் சரிப்பட்டது, சத்தமில்லாமல் கரைந்தது. ஆனாலும் பெண் வீட்டுக்காரர்கள் சிலர் ஸ்டுடியோவுக்கே வந்து, "அந்தப் பேசுற அக்காவையே அனுப்புங்க" என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட கல்யாணங்களில் மிட்டாய்க்கு வேலையில்லை.

நாலைந்து வருஷத்தில் அவளைத் தனியாகவே அனுப்பினான் புகழேந்தி. தனியாகப் போகிறவளுக்கு லைட் பிடிக்க ஆள் வேண்டுமே. ஷெட்டில் பக்கத்து இடத்தில் உட்காரும் பொன்மணியிடம் கேட்டாள். பொன்மணி ஒரு வாரம் யோசித்து, மாமியாரிடம் சொல்லி, புதுச் செருப்பு வாங்கி, ஒருவழியாகக் காரியாபட்டி பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஒரே கவலை.

"அக்கா, பொண்ணு வழியனுப்புறப்ப அழுவாகளே. அதப் பாத்தா எனக்கும் அழுகை வந்துருமே. என்ன பண்ண?"

"அழுதுக்கோ. கை ஆடாமப் பிடி."

அன்று சாயங்காலம் பெண்ணைக் காரில் ஏற்றினார்கள். பெண்ணின் அம்மா அழுதாள், சித்திமார் அழுதார்கள், பொன்மணி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். லைட் அசையவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்திருந்த வேலுத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கார் தெருமுனை திரும்பும்வரை பிடித்துவிட்டுத்தான் பட்டனை அமுக்கி நிறுத்தினாள்.

"வா, பந்தியில எடம் இருக்கு" என்று பொன்மணியின் முதுகில் தட்டினாள்.