கொள்ளையர் படகுக்கு ஒரு பெயர்

குன்றாண்டார்கோவில் பக்கம் பிறந்த எனக்குக் கடல் என்றால் வேடிக்கை பார்க்கிற இடம்தான். மணமேல்குடியில் ஆசிரியராகச் சேர்ந்த வருஷம், பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கடற்கரையிலேயே கடற்கொள்ளையர் நாடகம் போடலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

மாணவி ஒருத்தியின் அம்மா செல்வி, கரையில் சும்மா கிடந்த பழைய ஃபைபர் படகைக் கொடுத்தார். விரிசலை அடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, முகப்பில் சிவப்பாக 'எமன்' என்று எழுதினேன். எனக்கு ஒரே பெருமை.

பார்க்க வந்த செல்வியின் முகம் மாறிவிட்டது.

"கொள்ளைக்காரன் படகுன்னா பயமா இருக்க வேண்டாமாங்க?" என்றேன்.

"கடல்ல இருக்குற பயம் பத்தாதா சார்? இதுல ஏறப்போறது நம்ம புள்ளைங்க. எங்க வீட்டுக்காரரு கடலுக்குக் கெளம்பும்போது 'போறேன்'னுகூட சொல்ல மாட்டாரு."

பிரஷை அவரிடமே கொடுத்தேன். 'எமன்' மேல் கறுப்பை அடித்துவிட்டு, நிதானமாக எழுதினார்: 'போயிட்டு வாரேன்'.

விழாவன்று அவர் கணவர் துடுப்புப் போட, மீசை வரைந்த கொள்ளையர்களோடு படகு அலையில் இறங்கியது. பயந்து அலற வேண்டிய கூட்டம் பெயரைப் படித்துச் சிரித்தது. அம்மாக்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"போயிட்டு வாங்க புள்ளைகளா!" என்று கத்தினார்கள். கொள்ளையர்கள் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையாட்டினார்கள்.

கடலை வேடிக்கை பார்த்தே பழகிய நான், அந்தப் படகு திரும்பிக் கரை சேரும்வரை உட்காரவே இல்லை.