செவ்வாயும் வியாழனும்

எங்கள் குடும்பப் பெயரை ஒரே மூச்சில் வாசித்து முடித்த இத்தாலியர் எவரையும் நான் சிறுவயதில் கண்டதில்லை. அது எங்கள் பூட்டனாருடைய பெயர். அப்பாவும் பெரியப்பாவும் வன்னியிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து வதிவிடப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது, அதிகாரி ஒருவர் கடவுச்சீட்டில் முதலில் கண்ட பெயரையே குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார். கடலையே கண்டிராத பூட்டனார் அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

பெரியப்பாவின் மகளும் நானும் ஒரே ஆண்டில் உயர்பள்ளியில் சேர்ந்தோம். அவள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள், ஆகவே அக்கா. வகுப்புத்தான் வேறு. எங்கள் இருவருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். பூட்டனாரை முழுதாக எழுதிய பிறகு பள்ளிக்கூடப் பட்டியலில் மிஞ்சும் இடத்தில் அந்த ஒரு எழுத்துத்தான் கொள்ளும்.

சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி ஒரு கணிதப் பரீட்சை வைத்தார்கள். அக்கா முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே முக்கால் மணி நேரத்தில் நான் முதலாம் கேள்வியில் இருந்த முக்கோணத்துக்குக் கண்ணும் மூக்கும் மீசையும் வைத்து முடித்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பணியாளரம்மா என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு வெள்ளை உறை. மேலே இருந்த பெயரை இரண்டு தடவை ஏறப் பார்த்து நடுவிலேயே இறங்கிவிட்டார். "நீயோ, உன் அக்காவோ, எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது" என்று என் கையில் திணித்தார்.

ஒரே வீடு இல்லை, ஒரே கட்டடம். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், சந்தைக்குப் பின்புறம், நாங்கள் இரண்டாம் மாடியில், பெரியப்பா குடும்பம் மூன்றாம் மாடியில். நான் ஒரு மாடி கூடுதலாக ஏறியிருந்தால் இந்தக் கதைக்கு இடமில்லை. ஆனால் இத்தாலியக் கடிதம் எது வந்தாலும் அம்மாவுக்கு வாசித்துச் சொல்வது என் வேலை. அன்றும் கை தன்பாட்டில் உறையைப் பிரித்துவிட்டது.

'உங்கள் பிள்ளை கணிதத்தில் சிறந்த தேர்ச்சி காட்டியிருப்பதால், செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் இரண்டாம் ஆண்டு மாணவருடன் மேல்வகுப்பில் சேர அழைக்கிறோம். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும்.'

அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த இத்தாலியக் கடிதங்கள் எல்லாம் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றியவை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்கள் பிள்ளை எண்டே போட்டிருக்கு?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் அதற்கு முன் என்மீது வைத்ததில்லை. உண்மையைச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரவுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரவுக்குள் அம்மா பாயாசம் காய்ச்சிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் கூட்டம் கூடியது. பெரியப்பா வியா மக்வேதா வீதியில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். குடும்பத்தில் யார் எதைத் தொடங்குவதானாலும் அது கெடுதலாக முடியும் என்று முன்கூட்டிச் சொல்லிவைப்பது அவர் பொறுப்பு.

"பதினாலு வயசில மூளையைப் பிழியக் கூடாது" என்றார். "எங்கட ஊரில ஒரு பெடியன் ஒரு வருஷம் முந்திச் சோதினை எடுத்தவன். இப்ப அவன் எங்கை?"

"கனடாவில, அண்ணை" என்றார் அப்பா. "டொக்டரா இருக்கிறான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். தாய் தேப்பனோட இருக்கேல்லை."

அம்மா, தான் வீட்டுவேலைக்குப் போகும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் தொலைபேசியில் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் போட்டால் செரிக்காது, பையனைத் தூங்கவிடுங்கள் என்று சிஞ்ஞோரா அபிப்பிராயம் சொன்னார். நான் அவர் பக்கம் பலமாகத் தலையாட்டினேன்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கால்சாப் பகுதியில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவர் மத்தியானம் போனால் இரவுதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசக்கூடச் சத்தில்லாமல் இருப்பார். அக்கா தன் நான்கு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்குத் தரும்போது மட்டும், "அவன் போகட்டும்" என்றாள்.

அன்று பின்னேரம் படிக்கட்டில் அவளை மறித்தேன்.

"அக்கா, அந்தக் கடிதம் உன்ர."

"தெரியும்."

"அப்ப சொல்லுவமே?"

"சொல்லி என்ன? செவ்வாயும் வியாழனும் எனக்கு ஏலாது." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "நீ போ. வீட்டுக்குத் தாற கணக்கெல்லாம் நான் செய்து தாறன். ஆனா அந்தாள் பலகையில எழுதிறதை ஒண்டு விடாமல் எழுதிக்கொண்டு வா. சொல்லுறதையும் எழுது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாராட்டு எனக்கு, பாடு அவளுக்கு. இவ்வளவு கெட்டிக்காரிக்கு இந்தச் சின்னக் கணக்குத் தெரியவில்லையே என்று அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலை அப்பா 'சம்மதம்' என்ற பெட்டியில் பேனா கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டார்.

மேல்வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் மீசை அரும்பியிருந்தது. கணித ஆசிரியர் மெல்லிய மனிதர், எவரையும் அதட்டாதவர். அதனால்தான் என் பிழைப்பு ஓடியது. பலகையில் இருந்ததை எல்லாம் நான் எழுத்தெண்ணி எழுதினேன். அவர் இருமிய இடத்தைக்கூடக் குறித்தேன். மாலையில் அக்கா தம்பியுடன் இறங்கி வந்து கொப்பியை வாங்குவாள். அத்தோடு விட்டால் பரவாயில்லை. "இந்த வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்பிடி வந்தவர்? ஆரும் கேள்வி கேட்டவையோ?" என்று குடைவாள். நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன்ர வேலையைச் செய்துபோட்டுப் போவன்" என்பேன். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் கணக்குகள் கைக்கு வந்துவிடும். அவற்றை முதல் மணி முழுக்க என் கையெழுத்தில் திருப்பி எழுதுவேன். அதுவே எனக்குப் பெரிய உழைப்பாகத் தெரிந்தது.

பலகைக்குக் கூப்பிட்டால் மட்டும் ஆபத்து. நான் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்து நிற்பேன். ஆசிரியர் மென்மையாக, "பரவாயில்லை, போய் உட்கார்" என்பார். இப்படியே மார்கழி வரை வந்துவிட்டோம்.

நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு முன் பெற்றோர் சந்திப்பு. அப்பாவுக்கு மொழிபெயர்க்க நானே போனேன். ஆசிரியர் என் தாள்களை அடுக்கி வைத்து, காகிதத்தில் உங்கள் மகன் அபாரம், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை, இவ்வளவு கூச்ச சுபாவம் நல்லதல்ல, புதன்கிழமை நாடகக் குழுவில் சேர்த்துவிடுங்கள் என்றார். இதில் எனக்குக் கெடுதல் எதுவும் தெரியாததால் ஒரு சொல் மாறாமல் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார். "கிராத்சியே" என்று நன்றி சொல்லி எழுந்தார். வெளியே வந்து வியா மக்வேதாவில் சனத்துக்குள் கொஞ்சத் தூரம் நடந்தார்.

"கூச்சமோ?" என்றார்.

"அப்பிடித்தான் சொன்னவர்."

"பிறந்த நாளிலையிருந்து நீ நித்திரையிலைகூட வாய் மூடினது கிடையாது. பஸ்ஸில முன்பின் தெரியாத ஆக்களுக்கு எங்கட வீட்டு வாடகை சொல்லுறனி. உனக்குக் கூச்சம்." இன்னும் பத்தடி நடந்தார். "கணக்கை ஆர் செய்யிறது?"

நான் சொல்லிவிட்டேன். பரீட்சைத்தாளில் வரைந்த மீசை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பழைய வேகத்தில் நடந்து வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

அன்று பெரியம்மாவுக்கு விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அப்பா விஷயத்தைச் சொல்லி முடித்ததும், பதினாலு வயதில் மூளையைப் பிழியக் கூடாது என்ற பெரியப்பா, "அப்ப மூண்டு மாசம் வீணாப்போச்சே" என்று தலையில் கை வைத்தார். "நாளைக்கே இவள் போகவேணும். இந்த வயசில விட்டால் பிறகு பிடிக்கேலாது."

அக்கா தை மாதத்தில் மேல்வகுப்புக்குப் போனாள். ஆசிரியர் அவளைப் பரீட்சித்துப் பார்த்தாராம். மூன்று மாதத்துப் பாடத்தில் ஓர் இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. இன்று அவள் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியியலாளர். செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் அவளுடைய தம்பியைப் பார்த்துக்கொள்ளும் தண்டனை எனக்குக் கிடைத்தது. நாற்பது தடவை படியில் ஏறி இறங்கினாலும் களைக்காத பிள்ளை அவன். புதன்கிழமை நாடகத்துக்கும் போனேன். ஆசிரியர் என் கூச்சத்தைத் தெளியவைத்துவிட்டதாகக் கடைசிவரை நம்பினார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மூன்றாம் மாடி மாலைதான். பெரியப்பா ஆரவாரம் செய்து ஓய்ந்தபின், பெரியம்மா முதன்முறையாகப் பேசினார்.

"ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை?"

அக்கா, இடுப்பிலிருந்து நழுவிய தம்பியை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். "நான் போனால் இவனை ஆர் பாக்கிறது?" என்றாள். குறை சொல்வது போல அல்ல. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல.

பெரியம்மா எழுந்து வந்து பிள்ளையை அவளிடமிருந்து வாங்கினார். வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது.

தேநீர் போடப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சீனி கூடப் போடச் சொல்லி இங்கிருந்தே கத்தினேன். அம்மா என் தொடையில் ஏன் கிள்ளினார் என்று எனக்கு விளங்கவில்லை.